வேலை போனது, வயல் போனது, சோதனை போனது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில், மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். சுயவிபரக்கோவை அடிப்பது, கடன் விண்ணப்பம் நிரப்புவது, பெறுபேற்றுத் தாளைப் பிரதி எடுப்பது, இவைதான் என் தொழில். வேலை போனவர், சோதனையில் தவறியவர், தவணை கட்ட முடியாதவர் என்று எல்லாரும் ஏதோ ஒரு தாளோடு இந்த மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். தாள் அச்சாகிற இடைவெளியில் கதை தொடங்கும். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

நானும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன்தான். 2013இல் நான் வேலை பார்த்த நிறுவனம் திட்டம் முடிந்தது என்று கணக்கை மூடிவிட்டுப் போனது. ஒன்பது மாதம் வீட்டில் இருந்தேன். நான் மருத்துவன் இல்லை, ஆலோசகரும் இல்லை. பட்டதையும், பட்டபின் தேடி வாசித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

"வேலை போய் மூண்டு மாசம். எங்கயிருந்து தொடங்கிறது எண்டே தெரியேல்ல, அண்ணை."

எழும்பும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். வேலை போனால் சம்பளத்தோடு சேர்ந்து நேரமும் போய்விடுகிறது. பிடிக்க வேண்டிய ஏழு மணி பஸ் இல்லையென்றால் ஏழு மணியே இல்லை என்றாகிவிடும். இரவு இரண்டு மணிவரை போன், விடிய பத்து மணிக்கு எழும்பல், மத்தியானம் வெயிலுக்குள் ஒரு தூக்கம், பிறகு இரவு நித்திரை வராது. இப்படி ஒரு கிழமை போனால் எந்த மனமும் கறுத்துத்தான் போகும்.

படுக்கும் நேரத்தை இப்போதைக்கு விடுங்கள், அது சொன்னால் கேட்காது. எழும்பும் நேரத்தைப் பிடியுங்கள். இரவு எத்தனை மணிக்குக் கண் அயர்ந்தாலும் விடிய அதே நேரத்துக்கு எழும்பி, அரை மணித்தியாலத்துக்குள் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். நம் உடம்புக்குள் ஓடும் மணிக்கூட்டைச் சரிப்படுத்துவது காலை வெளிச்சம்தான். கிணற்றில் தண்ணி அள்ளுங்கள், மிளகாய்க்கன்றுக்கு ஊற்றுங்கள், குளக்கட்டு வரை சைக்கிளில் போய் வாருங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் நித்திரை மெல்லத் தன் இடத்துக்கு வரத் தொடங்கும்.

"மனசைக் கேட்டால் காலை வெளிச்சத்தைச் சொல்லுறீங்கள்" என்று ஒருவர் கோபித்தார். மனம் சரிவந்தபிறகு எழும்பலாம் என்று நான் மாதக்கணக்கில் படுத்துப் பார்த்தவன். மனச்சோர்வுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்றே, விருப்பம் வரும்வரை காத்திராமல் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைப்பதுதான். கை முதலில் போகும், மனம் பிறகு வரும்.

"எல்லாரும் 'யோசிக்காதை' எண்டினம். யோசிக்காமல் எப்பிடி இருக்கிறது?"

இருக்க முடியாது. 1987இல் அமெரிக்காவில் டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி கூடுதலாக வந்தது. வன்னியில் "யோசினை" என்றால் கவலை என்றுதான் பொருள். "யோசிக்காதை" என்று சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு வேலை போன கவலையோடு, யோசிக்கிறோமே என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது.

யோசிக்க ஒரு நேரம் கொடுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு கொப்பியோடு இருந்து, கால் மணித்தியாலம் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். இரவில் அதே யோசினை வந்தால் "நாளைக்கு ஐந்து மணிக்கு" என்று தள்ளிவிடலாம். மனம் உடனே கேட்காது, ஆனால் தவணை சொன்னால் கொஞ்சம் அடங்கும். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்பவர் 1980களில் தொடங்கிய ஆய்வுகளில் மூன்று நான்கு நாள், தினம் 15 முதல் 20 நிமிடம் இப்படி எழுத வைத்தார். பலருக்குப் பலன் இருந்தது, எல்லாருக்கும் இல்லை. எழுத எழுத நெஞ்சு இன்னும் அடைத்தால் நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரோடு கதையுங்கள்.

"21 நாள் செய்தால் பழக்கம் வந்திடுமாம், யூடியூப்பில சொன்னவங்கள்."

அந்த 21 ஓர் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவரின் கணக்கு. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது எடுத்தது என்று மக்ஸ்வெல் மோல்ட்ஸ் 1960இல் எழுதினார். "ஆவது" காணாமல் போய் 21 மட்டும் மிஞ்சியது. பிறகு லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் யோசிக்காமலே வருவதற்குச் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஆகவே 22ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களில் ஒரு குறையும் இல்லை.

புதிய பழக்கத்தை ஏற்கெனவே இருக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். "தினமும் ஆங்கிலம் படிப்பேன்" என்றால் அது காற்றில் போகும். "விடியப் பிளேன்ரீ குடித்த கையோடு, அந்தக் கோப்பையைக் கழுவுமுன் பத்துச் சொல் எழுதுவேன்" என்றால் கோப்பையே ஞாபகப்படுத்தும்.

"ஒரு நாள் விட்டாப் போச்சுத்தானே?"

போகாது. அதே ஆய்வில் ஒரு நாள் தவறவிட்டது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. சாவீடு, கலியாணவீடு, காய்ச்சல் எல்லாம் வரத்தான் செய்யும். அடுத்த நாளையும் விடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

"அயலுக்கை கதைக்கினம். வற்றாப்பளைப் பொங்கலுக்குக்கூடப் போகேல்ல, வெக்கமாக் கிடந்தது."

இதைக் கேட்டவர் வருடா வருடம் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குப் போகிறவர். அந்த வருடம் "இப்ப என்ன செய்யிறாய்?" என்று கேட்பார்களே என்று வீட்டில் இருந்துவிட்டார். நேர்த்தி வைத்த கோயிலுக்கே போகவிடாமல் செய்கிற கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே ஒரு வசனத்தைச் செய்து, வீட்டில் நாலு தரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். "முந்தின வேலை முடிஞ்சுது, இப்ப வயரிங் பழகிறன்." அவ்வளவுதான். விளக்கம் கொடுக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். பொய்யும் சொல்ல வேண்டாம், வன்னியில் பொய் மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வரும். சொல்லிவிட்டு உடனே அவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்கட வயல் எப்பிடி, வெட்டிட்டியளோ?" பெரும்பாலான ஆட்கள் தங்கள் கதையைச் சொல்லத்தான் காத்திருக்கிறார்கள்.

"2009ஐத் தாண்டி வந்தனாங்கள். இதுக்குப் போய் உடையிறதோ எண்டு அப்பா ஏசுறார்."

இந்தக் கேள்வியோடுதான் நான் அதிகநாள் கிடந்தேன். என் வீட்டிலும் இதே வசனம் ஓடியது. முள்ளிவாய்க்காலால் வந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து, வெறுங்காணிக்குத் திரும்பி, தகரம் போட்டு எழும்பிய குடும்பத்தில், சம்பளம் நின்றதுக்காக ஒருவன் அழுதால் பெரியவர்களுக்கு விளங்காது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான இழப்பு இல்லை. அப்போது எல்லாருக்கும் சேர்ந்து போனது. "உனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்க ஆள் இல்லை. அடுத்த நாள் என்ன செய்வது என்பதும் தெளிவாக இருந்தது: தண்ணி வரிசை, சாப்பாட்டு வரிசை, பதிவு. இப்போது போனது உங்களுக்கு மட்டும். பக்கத்து வீட்டில் மேல்மாடி எழும்புகிறது. விடிந்தால் நிற்க ஒரு வரிசையும் இல்லை.

அதைவிட, ஒரு பெரிய இழப்பைத் தாண்டியது அடுத்ததுக்குத் தடுப்பூசி ஆகாது. பல நேரம் சின்ன இழப்பு பழையதின் மூடியைத் திறந்துவிடும். வேலை போன கவலை என்று வந்து இருந்த ஒரு அக்கா, பத்து நிமிடத்தில் தம்பியைப் பற்றித்தான் கதைத்தார். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் வடு தனி ஆட்களில் மட்டுமில்லாமல் குடும்பம், அயல், ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை என்று எல்லாவற்றிலும் விழுந்ததைக் கூட்டு மனவடு என்று விரிவாக எழுதியிருக்கிறார். முன்பு ஒரு வீட்டில் விழுந்தால் நாலு வீடு தாங்கும். அந்தத் தாங்கல் இப்போது மெலிந்திருக்கும்போது, விழுந்தவரை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை.

அப்பாவின் வசனத்தில் எடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. ஏச்சை விட்டுவிட்டு அவரிடம் கேளுங்கள்: "முகாமால வந்த முதல் மாசம் நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என் அப்பா சொன்னது: கிணற்றை இறைத்தது, வேலி அடைத்தது, பிறகு ஒருவரிடம் மண்வெட்டி இரவல் கேட்டது. இரவல் கேட்டதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. அன்றைக்குப் பிறகு அவர் எனக்கு ஏசவில்லை.

"பிழை ஆரில? என்னிலயோ?"

ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: என் கையில் இருந்தது, பாதி இருந்தது, இல்லாதது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயல் மூழ்கியது மூன்றாவதில் போகும். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் நாடே கடன் கட்ட முடியாமல் நின்றதும் அதே நிரல்தான். விதைநெல்லைக் கடனுக்கு எடுத்தது இரண்டாவது. தெரிந்தவர் சொன்னார் என்று கணக்குப் பார்க்காமல் பங்குக்குக் கடை போட்டது முதலாவது.

விவசாயி வெள்ளத்தைத் தன் குணக்கேடு என்று சொல்லமாட்டார், அடுத்த போகத்துக்கு வரம்பை உயர்த்துவார். சம்பள வேலை பார்த்தவர்கள்தான் எல்லாவற்றையும் முதல் நிரலிலேயே எழுதிக்கொண்டு வருகிறார்கள். மறுபக்கம், எல்லாவற்றையும் மூன்றாவதில் தள்ளுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அடுத்த முறையும் அதே கடைதான், அதே பங்காளிதான்.

"மனசை மாத்தினா லீசிங் காசு கட்டுப்படுமோ?"

கட்டுப்படாது. இதைக் கேட்டவர் கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டார், கேள்வி நியாயமானது. கையில் காசில்லாதபோது மூளை எப்படி வேலை செய்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும் அறுவடைக்குப் பின் காசு வந்தபோதும் ஒரே மாதிரிப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் காசில்லாத நேரத்தில் குறைவாகச் செய்தார்கள். ஆகவே தவணை நெருக்கும் கிழமையில் நீங்கள் எடுக்கும் முடிவுகளை நீங்களே சந்தேகப்படுங்கள். முக்கியமாக, பழைய கடனை அடைக்கப் புது மைக்ரோ கடன் எடுக்கும் முடிவை.

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு மிச்சம், என்ன வட்டி, எப்போது தவணை, எதை ஈடு வைத்தது. நகை அடைவுச் சிட்டைகளையும் சேர்த்து. மனிசிக்குத் தெரியாத கடனும் அதில் வரவேண்டும். தவணை தவறியபிறகு ஒளிவதைவிட, தவறுமுன் போய்த் தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேட்பது நல்லது. கடிதத்தின் பிரதியில் அவர்களிடம் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாகப் பொறுப்பு வைத்த குழுக் கடன் என்றால் குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கும் முதலே சொல்லிவிடுங்கள். காசு பிந்துவதை மன்னிப்பார்கள், ஒளித்ததை மன்னிப்பது கடினம்.

"குடிச்சாத்தான் நித்திரை வருது."

கண் சீக்கிரம் அயரும், உண்மை. ஆனால் இரவின் பின்பாதியில் நித்திரை உடைந்து, மூன்று மணிக்கு முழிப்பு வரும். முதல் கேள்வியில் சொன்ன எழும்பும் நேரம் அதோடு போய்விடும். ஒன்று கவனம்: நீண்டகாலம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு என்று உயிராபத்துக்கூட வரலாம். கள்ளோ கசிப்போ சாராயமோ, வைத்தியசாலையில் சொல்லி அவர்கள் பார்வையில் நிறுத்துங்கள்.

"உ/த மூண்டு தரமும் சரிவரேல்ல. இனி என்ன?"

உயர்தரப் பரீட்சையால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாசல் மூடியது, அதற்காகத் துக்கப்படலாம். ஒரு மாதம் எடுங்கள். பிறகு தேசிய தொழிற்தகைமை (NVQ) படிகளைப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஏழு வரை மட்டங்கள் இருக்கின்றன, ஏழு பட்டத்துக்குச் சமம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனம், மின்சாரம் போன்ற துறைகளை அங்கே கையால் செய்து பழகலாம்.

வயது போனவர்களுக்கும் இதில் ஒரு வழி உண்டு. பத்து வருடம் மேசன் வேலை செய்தவர் வகுப்பில் இருக்கத் தேவையில்லை. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. கையில் தொழில் வைத்துக்கொண்டு "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று விண்ணப்பத்தில் எழுதச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இரண்டு வருச இடைவெளிய சுயவிபரக்கோவையில எப்பிடி மறைக்கிறது?"

மறைக்காதீர்கள். ஆண்டை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்பார்கள், நான் அடிப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு எந்த மாதம் வரை காசு போனது என்று பதிவு இருக்கிறது, சேவைக் கடிதத்திலும் திகதி இருக்கிறது. நேர்முகத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை முடிந்தது.

இடைவெளியில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். தகப்பனை இரத்தச் சுத்திகரிப்புக்கு வவுனியாவுக்குக் கூட்டித் திரிந்த ஒரு தங்கச்சி, "சும்மா வீட்டில இருந்தனான்" என்றார். "குடும்ப உறுப்பினரின் நீண்டகாலச் சிகிச்சைப் பராமரிப்பு" என்று ஒரு வரி அடித்தோம். இன்னொரு தம்பியும் "சும்மா" என்றுதான் தொடங்கினான். கேட்கக் கேட்க, அயலில் இருந்த தண்ணி மெஷின் எல்லாவற்றையும் அவன்தான் காசு வாங்காமல் திருத்தியிருக்கிறான். அதையும் அடித்தோம். தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வெளிநாடு போறதை விட வேற வழி இல்லைத்தானே?"

போகலாம், அது தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் நித்திரை இல்லாத, தவணை நெருக்குகிற கிழமையில் அந்த முடிவை எடுக்காதீர்கள் (கடன் கேள்வியைப் பாருங்கள்). முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் கடவுச்சீட்டையும் காசையும் கொடுக்காதீர்கள். வீட்டு உறுதியை ஈடு வைத்துக் கடல் வழியால் போவதாக ஒருவர் வந்தால், நான் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்குமுன் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துக் கதைப்பேன். சிலர் கேட்டிருக்கிறார்கள்.

"மகன் அறையை விட்டு வெளிய வாறானில்லை. நான் என்ன சொல்லுறது, தம்பி?"

அம்மாமார் கேட்பது. புத்திமதி குறையுங்கள், வேலை கேளுங்கள். "எழும்பி ஏதும் செய்" என்றால் அவனுக்குச் சுவர்தான் தெரியும். "தேங்காய் உரிச்சுத் தா", "காஸ் சிலிண்டரை மாத்தித் தா" என்றால் கை அசையும். அவனால் மட்டும் முடிகிற வேலையாகக் கேட்டால் இன்னும் நல்லது. ஒன்றுவிட்ட அண்ணன் கனடாவில் என்ன செய்கிறான் என்ற கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க வேண்டாம். அவன் சாப்பிடாமல் எழும்புவது அதற்காகத்தான்.

"இது கவலையோ வருத்தமோ? எப்ப டொக்டரிட்டப் போறது?"

இரண்டு கிழமைக்கு மேலாக அனேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு, முன்பு பிடித்ததில் ஒரு விருப்பமும் இல்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டிருந்தால் போங்கள். செத்தால் நல்லது என்ற நினைப்பு வந்தால் இரண்டு கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே. மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், இருபத்துநான்கு மணித்தியாலமும் எடுக்கலாம்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு: வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வீட்டுக் கூரைக்குக் கீழ் இருந்தால், இன்றைக்கே அப்புறப்படுத்தி வேறு ஒருவர் பூட்டி வைத்துச் சாவியைத் தன்னிடம் வைத்திருக்கட்டும். 1990களில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பெருமளவு குறைந்தது. கெட்ட நேரம் வரும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால், பலருக்கு அந்த நேரம் கடந்து போய்விடுகிறது.

"நீங்கள் சொன்ன எல்லாம் செய்தன். ஒண்டும் சரிவரேல்ல. இனி ஒண்டும் சரிவராது எண்டு உள்ளுக்க முடிவாயிட்டுது."

சில வேலைகள் இங்கே இல்லை. அது உங்கள் பழக்கத்தால் வந்த குறை இல்லை, எழும்பும் நேரத்தைச் சரிசெய்து தொழிற்சாலையைக் கொண்டுவர முடியாது. இந்தப் பக்கத்தில் உள்ளது, வாய்ப்பு வரும்போது நீங்கள் நிமிர்ந்து நிற்கத்தான் உதவும்.

உள்ளுக்குள் விழுந்த முடிவைப் பற்றி ஒன்று. 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும், தப்ப முடியாத அதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள் பிறகு தப்ப வழி இருந்தும் படுத்தே கிடந்ததைப் பார்த்து, இயலாமையும் பழகிக்கொள்வதுதான் என்றார்கள். 2016இல் அவர்களே திருத்தி எழுதினார்கள்: நீண்ட அடிக்குப் படுத்துவிடுவது உடம்பின் இயல்பு, தன்னால் ஒன்றை மாற்ற முடியும் என்பதுதான் பழகி வருவது. அதனால் பெரிய விண்ணப்பங்களுக்கு இடையில், செய்தால் அன்றைக்கே முடிவு தெரிகிற சின்ன வேலை ஒன்று வைத்திருங்கள். வேலி கட்டலாம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், கோழிக்கூடு அடிக்கலாம்.

"அண்ணை, நீங்கள் இதெல்லாம் செய்தனீங்களோ?"

எல்லாம் இல்லை. கொப்பியில் எழுதியது இரண்டு நாள்தான். ஒன்பதாம் மாதம் அக்காவின் மகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஆள் இல்லாமல் என்னிடம் தந்தார்கள். ஏழு மணிக்கு அவள் வாசலில் வந்து நிற்பாள், எழும்பாமல் இருக்க முடியாது. திரும்பி வருகிற வழியில் ஒரு கடையில் பழைய போட்டோக்கொப்பி மெஷின் விலைக்கு இருந்தது. பதினைந்து நாள் பார்த்துக்கொண்டு போய், பதினாறாம் நாள் விலை கேட்டேன். அந்த மெஷின்தான் இன்றைக்கும் ஓடுகிறது. மூன்றாம் தட்டில் தாள் சிக்கும், கதவைத் திறந்து கையால்தான் இழுக்க வேண்டும்.